அளவு தவறிய மறுநாள்



உணவில் அளவறிந்து நடத்தல் வேண்டுமென்று பகவான் புத்தர் பற்பல இடங்களில் வற்புறுத்தியுள்ளார். பாலி மொழியில் அதனைப் 'போஜனே மத்தஞ்ஞுதா' என்பர். அதன் பெருமையை எடுத்துரைப்பது இன்று நமது நோக்கமன்று. தமக்கென ஓர் அளவை வகுத்துக்கொண்டு, சில வாரங்கள் அதன்படி ஒழுங்காக நடந்து, பின்னர் ஒருநாள் அவ்வளவை மீறி உண்டுவிட்ட ஒருவர், மறுநாட் காலையில் செய்யத்தக்கது யாது? இதுவே நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். இஃது ஒரு விஷயமா என்று சிலர் நகைக்கலாம். ஆனால், நீரிழிவாலும் இரத்தக் கொதிப்பாலும் வருந்தி, மருத்துவர் சொற்படி சோற்றைக் குறைத்து, குறைத்ததை நிலைநிறுத்த மாட்டாமல் மனம் நொந்திருப்போர் நம்முள் அநேகர். அவர்கள் நகைக்க மாட்டார்கள்.

நாமும் அவர்களுள் ஒருவரே. இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், சர்க்கரை மிகுந்திருப்பதாகக் கூறி, மூன்று வேளையும் சோறுண்ணும் வழக்கத்தை நிறுத்தி, பகலில் மட்டும் ஒரு கிண்ணம் எனத் திட்டப்படுத்தினார். ஐந்து வாரம் அவ்வண்ணமே நடந்தோம். ஆறாம் வாரத்தில் உறவினர் வீட்டுத் திருமணம் வந்தது. பிரியாணி ஒரு முறை, பின்னர் இன்னொரு முறை, அதன்மேல் பிரெட் அல்வா. பந்தியிலிருந்து எழும்போது மூச்சு வாங்கிற்று. அது ஒரு வேளைப் பிழை. அதனோடு நின்றிருந்தால் இதனை எழுத வேண்டிய அவசியமே நேர்ந்திராது. அன்றிரவு, "கெட்டது கெட்டுப் போயிற்று, இனித் திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கொள்வோம்" என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு, திங்கட்கிழமை வரையில் அளவென்பதையே மறந்தோம். திங்களன்று, செய்த பிழைக்குத் தண்டனைபோல் காலையும் பகலும் ஒன்றும் உண்ணாதிருந்தோம். மாலையில் கை நடுங்கி, தலை சுழன்று, வீட்டில் கண்டதையெல்லாம் உண்டோம். மறுநாள் மீண்டும் வருத்தம், மீண்டும் பட்டினி, மீண்டும் மிகையுணவு. இவ்வாறு பதினேழு நாட்கள் கழிந்தன. கல்யாணச் சாப்பாடு செய்த தீங்கு ஒரு பங்கென்றால், அப்பதினேழு நாட்கள் செய்த தீங்கு பத்துப் பங்கு.

இந்நிலையில்தான் சம்யுத்த நிகாயத்தில் கோசல மன்னன் பசேனதியைப் பற்றிய பகுதியை மறுபடியும் எடுத்துப் படித்தோம். பலமுறை படித்ததுதான், ஆனால் நோயாளி படிக்கும்போது நூல் வேறாகத் தோன்றுகிறது.

பசேனதி நாள்தோறும் ஒரு துரோண அளவு அரிசிச் சோறு உண்பவன். துரோணமாவது பெரியதோர் முகத்தலளவை. ஒருநாள் அவ்வாறு வயிறு முட்ட உண்டு, மூச்சு வாங்க வாங்கச் சாவத்தியில் பகவானைக் காண வந்து, வணங்கி ஒருபுறம் அமர்ந்தான். அன்பர்களே, இவ்விடத்திற் சற்றே நிற்போம். மன்னன் நல்லொழுக்கம் பூண்ட நாளில் வரவில்லை. நோன்பிருந்து உடல் தூயனாய் வரவில்லை. தின்ற சோறு செரியாத வயிற்றோடுதான் வந்தான். பகவானும், "இந்நிலையிலா இங்கு வந்தாய்? போய் மூன்று நாள் பட்டினி கிடந்து வா" என்று அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அவனுடைய நிலையைக் கண்டு, அப்பொழுதே ஒரு காதையை அருளினார். நினைவு தவறாமல் அளவறிந்து உண்பவனுக்கு உடல் நோவு குறையும் என்பது அதன் சாரம். அதில் அளவுக்கு முன்னதாக நினைவு வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். நினைவு, அதாவது ஸதி, இல்லாத இடத்தில் அளவு எங்ஙனம் நிற்கும்?

அரசன் பின்னால் சுதஸ்ஸனன் என்னும் இளைஞன் நின்றிருந்தான். அக்காதையைப் பகவானிடமே கற்றுக்கொண்டு, தான் உண்ணும் வேளையில் தனக்கு ஓதுமாறும், அதற்கு நாள் ஒன்றுக்கு நூறு கார்ஷாபணம் கொடுப்பதாகவும் மன்னன் அவனிடம் கூறினான். உரை நூல்கள் இன்னும் ஒரு நுட்பத்தைச் சொல்லுகின்றன. காதையை உணவின் தொடக்கத்திலே ஓதலாகாது. மன்னன் கடைசிக் கவளத்தை எடுக்கும்போது ஓத வேண்டும். அதைக் கேட்டு அவன் அக்கவளத்தை விட்டுவிடுவான். அக்கவளத்தில் எத்தனை அரிசியோ, அத்தனையை மறுநாள் உலையில் குறைத்துவிட வேண்டும். இவ்விதம் ஒரு நாளைக்கு ஒரு கவளமாகக் குறைந்து, முடிவில் மன்னன் ஒரு நாழியரிசிச் சோற்றில் நிலைபெற்றான். (நமது நாட்டு நாழியும் அந்நாழியும் ஒரே அளவென்று கொள்ள வேண்டுவதில்லை, பெயர் ஒன்றாயிருப்பது மகிழ்ச்சி தருகிறது, அவ்வளவே.) உடல் இலேசான பின்னர், மன்னன் தன் அங்கங்களைக் கையால் தடவிக்கொண்டு, இம்மை மறுமை இரண்டிலும் தன்மேல் பகவான் இரக்கங் கொண்டாரென்று வியந்து கூறினான்.

ஒரு கவளம்! அரசனுக்கு விதிக்கப்பட்டது அவ்வளவே. நாமோ பிழை செய்த மறுநாள் பத்துக் கவளத்தை ஒருங்கே குறைக்கப் பார்க்கிறோம்.

"கெட்டது கெட்டுப் போயிற்று" என்னும் எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. 1975ஆம் ஆண்டில் ஹெர்மன், மாக் என்னும் இரு ஆராய்ச்சியாளர் இதனைச் சோதித்துப் பார்த்தனர். மாணவியர் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, சிலருக்குக் கொடாமல் விட்டு, பின்னர் எல்லோரையும் ஐஸ்கிரீமைச் சுவைத்துக் கருத்துக் கூறச் சொன்னார்கள். உணவைக் கட்டுப்படுத்தும் வழக்கமில்லாதவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்தே உண்டனர். அதுதானே இயல்பு! எடையைக் குறைப்பதற்காகக் கட்டுப்பாட்டோடு உண்பவர்களோ, மில்க் ஷேக் குடித்த பின் ஐஸ்கிரீமை அதிகமாக உண்டனர். வேலி ஓரிடத்தில் உடைந்தவுடன் தோட்டத்தையே விட்டுக்கொடுத்தார்கள் என்க. அவர்களை அவ்வாறு செய்வித்தது வயிறன்று, மனம்.

அந்த மனம் நிறை பார்க்கும் கருவியின் மேலேறி நின்று, ஓரிரவில் ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டதென்று கலங்குகிறது. இதுவும் பெரும்பாலும் மயக்கமே. உடலில் ஒரு கிலோ கொழுப்புச் சேர வேண்டுமாயின், தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உண்ண வேண்டும். ஒரு பந்தியில் அது எளிதன்று. மாவுப்பண்டம் உடலிற் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகையில், ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளுகிறது. உப்பும் நீரை நிறுத்துகிறது. வழக்கமான உணவுக்குத் திரும்பிய சில நாட்களில் அந்நீர் தானே இறங்கிவிடும். சர்க்கரை நோயாளருக்கு ஒரு வேளை மிகையுணவு தீங்கு செய்யாதென்று நாம் சொல்லவில்லை; செய்யும். எனினும், அத்தீங்கைப் பட்டினியால் அழிக்க முயல்வது மற்றொரு தீங்கு. இன்சுலின் போட்டுக்கொள்பவரும், சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரைகள் சிலவற்றை உட்கொள்பவரும் உணவை முழுதும் நிறுத்தினால், சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கி மயக்கமும் உயிராபத்துமே நேரக்கூடும். உபோசத நாட்களில் அஷ்ட சீலம் காக்க விரும்பும் இத்தகையோர், பிற்பகல் உணவை விடுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டே செய்க. நோயுற்ற பிக்ஷுக்களுக்கு நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகிய ஐந்தையும் மருந்தாகப் பிற்பகலிலும் உட்கொள்ளப் பகவான் இடமளித்திருக்கிறார். நோயாளியை வருத்துவது அவருடைய தர்மமன்று.

பட்டினியின் இயல்பை அவர் தம் உடலிலேயே அறிந்தவர். உருவேலையில் தவமிருந்தபொழுது, வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கையில் தட்டுப்படும்படி மெலிந்தார். அது மெய்யறிவுக்கு வழியன்றென்று கண்டு மீண்டும் உணவு கொண்டார். உடனிருந்த ஐவரும், இவர் சுகபோகத்துக்குத் திரும்பிவிட்டார் என்று கைவிட்டுப் போயினர். அவர்கள் கண்ணுக்கு அது வீழ்ச்சியாகத் தோன்றிற்று. உண்மையில் அதுவன்றோ வழிக்குத் திரும்புதல்! நம் காலத்துச் சான்றும் ஒன்றுண்டு. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பவர், தாமாக முன்வந்த 36 ஆடவருக்கு 24 வாரங்கள் அரைப்பட்டினி உணவளித்து ஆராய்ந்தார். அவர்களின் எடை ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்தது. பகலெல்லாம் உணவைப் பற்றிய பேச்சே. சிலர் சமையற் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தனர். கட்டுப்பாடு நீங்கியபின் பலர் மலைமலையாக உண்டும் வயிறு நிறைந்ததாக உணரவில்லை. கடும்பட்டினி மிகையுணவைத் தடுப்பதில்லை, அதற்கு விதையிடுகிறது.

அங்ஙனமாயின் செய்யத்தக்கதுதான் யாது? தந்தையைக் கொன்ற அஜாதசத்து பகவான்முன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டபொழுது, குற்றத்தைக் குற்றமெனக் கண்டு, அறநெறிப்படி சீர்செய்து, மேல்வருங்காலத்தில் அடங்கி நடத்தலே ஆரிய ஒழுக்கத்தில் வளர்ச்சி என்று அவர் மொழிந்தார். அதனால் அவ்வினையின் பயன் அழிந்துபோகவில்லை. ஆயினும் திரும்புதற்குரிய வாயில் அடைக்கப்படவுமில்லை. தந்தையைக் கொன்றவனுக்குத் திறந்த வாயில், இரண்டு தட்டுப் பிரியாணி உண்டவருக்கு அடைக்கப்படுமோ?

குற்றத்தைக் குற்றமெனக் காண்பது என்றால், உள்ளதை உள்ளபடி காண்பது. மிகையாக உண்டது பஞ்சசீலத்தை மீறியதாகாது. ஆகவே "பாபம் செய்துவிட்டேன்" என்று புலம்ப வேண்டுவதில்லை. அதேபோல், "விருந்துதானே" என்று மழுப்பவும் வேண்டா. எப்பொழுது அளவு தவறிற்று? பசியோடு போனோமா? பரிமாறுபவரை மறுக்க நாணினோமா? நம்மைப் பொறுத்தவரை, காலையில் ஒன்றும் உண்ணாமல் திருமணத்துக்குச் சென்றதே முதற்பிழை. பந்தியில் நேர்ந்தது அதன் விளைவு. ஹிரி, ஒத்தப்பம் என்னும் நாணமும் அச்சமும் செயலுக்கு முன்னே நின்று காக்கும் நற்குணங்கள். செயலுக்குப் பின்னே வந்து மனத்தை அரிக்கும் குக்குச்சமோ, ஐந்து நீவரணங்களுள் ஒன்றில் வைத்து எண்ணப்பட்டது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் வருந்துவதையே திருந்துவதாக நினைத்து ஏமாறுகின்றனர்.

சீர்செய்தல் அடுத்த வேளையிலேயே தொடங்குக. திங்கட்கிழமையும் வேண்டா, ஒன்றாந்தேதியும் வேண்டா. மிகையாக உண்டபின் சிறிது தூரம் நடப்பது சர்க்கரையின் ஏற்றத்தைத் தணிக்கும். அடுத்த வேளை வரும்போது, முன்பு வகுத்துக்கொண்ட அதே அளவை, கூட்டாமலும் குறைக்காமலும் உண்க. அதுவே பரிகாரம். உண்பதும் கக்குவதுமாக, அல்லது தம்மால் நிறுத்தவே முடியாமல் அடிக்கடி உண்பவர்களுக்கு மட்டும் இவ்வளவு போதாது. அது நோய், மருத்துவரிடம் செல்ல வெட்கப்படலாகாது.

இனி, நம்மவருக்கே உரிய இடர் ஒன்றைச் சொல்ல வேண்டும். பசேனதி கடைசிக் கவளத்தை விட்டெறிந்தான், அவன் அரசன். நமது முன்னோரோ, 1876–78இல் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித் தொட்டிகளின்முன் நின்றவர்கள். அதன்பின்னும், பிறர் களத்தில் நெல்லடித்துவிட்டுத் தம் வீட்டில் உலையேற்ற அரிசியில்லாமல் இருந்தவர்கள். இலையில் ஒரு பருக்கையை விட்டாலும் நம் பாட்டிமார் மனம் பொறார். வட்டித்த சோற்றை விட்டெழ நமக்குக் கை வராது. வர வேண்டுமென்றும் நாம் சொல்லோம். ஆதலால் நாம் அளவறிய வேண்டிய இடம் இலையன்று, அரிசிப் பானை. உலையில் இடும்போதே ஒரு பிடியைத் திரும்பப் பானையில் போட்டுவிட்டால், எறிய வேண்டிய கவளமே இலைக்கு வராது. உரை நூல்கள் கூறும் உபாயமும் முடிவில் அதுதானே. அந்தப் பிடியரிசியை ஒரு கலயத்தில் சேர்த்து, பௌர்ணமிதோறும் தானத்துக்கு அளிக்கும் உபாசிகையார் ஒருவரை அறிவோம். அவர் வீட்டில் இவ்வழக்கம் தொடங்கிய பின் அவர் கணவருக்கு இலையில் சண்டையில்லை.

நமக்கும் ஒரு சுதஸ்ஸனன் தேவைப்பட்டான். வீட்டில் உள்ளவர்கள் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறதென்று அவர்கள் மறுத்துவிட்டமையால், ஒன்பது வயதுப் பேத்தியை அப்பதவியில் அமர்த்தினோம். இரண்டாம் முறை கரண்டியைத் தொடும்போது, "தாத்தா, ராஜா!" என்று மட்டும் அவள் சொல்ல வேண்டும். மன்னன் கதையைக் கேட்டவளாதலால், சம்பளம் எவ்வளவென்று முதலிலேயே கேட்டாள். நூறு கார்ஷாபணத்துக்கு நம்மிடம் வழியில்லை. வாரத்துக்கு இருபது ரூபாய் என்று முடிவாயிற்று. சென்ற வாரம் ஐந்து முறை கூப்பிட்டாள். நான்கு முறை கரண்டியை வைத்துவிட்டோம். ஐந்தாம் முறை வைக்கவில்லை. அன்றிரவு, நமக்கு விதித்த இரண்டு சப்பாத்தியை வழக்கம்போல் உண்டு உறங்கினோம்.