எளிய தொண்டின் பொருள்: ஒரு கிறித்தவ நோக்கு

பிறர்க்குத் தொண்டு செய்தல் நன்று என்பதிற் சமயங்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆயின், தொண்டுகள் யாவும் ஒரே தரத்தனவாக மதிக்கப்படுவதில்லை. மருத்துவமனையொன்றைக் கட்டுவித்தவர் பெயர் கல்லிற் பொறிக்கப்படுகின்றது. அங்கு ஊதியம் பெறாது நோயாளரின் படுக்கையைத் துப்புரவாக்கியவர் பெயரை எவரும் அறியார். பெயரும் புகழும் தாராத இத்தகைய சிறுபணிக்கு ஒழுக்கவியல் நோக்கில் யாது பெறுமதி உண்டு? உழவாரம் ஏந்திய திருநாவுக்கரசரைப் போற்றும் தமிழ் மரபுக்கு, தாழ்ந்த பணியும் இறைபணியாதல் புதிய கருத்தன்று. அதே வினாவுக்குக் கிறித்தவம் தரும் விடை இங்கு ஆராயப்படுகின்றது.

யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் இவ்விடைக்குத் தோற்றுவாயாக அமைகின்றது. ஏனைய மூன்று நற்செய்திகளும் இயேசுவின் இறுதி இராப்போசனத்தில் அப்பமும் திராட்சை இரசமும் பகிரப்பட்டதைக் கூற, யோவான் அவ்விடத்திற் பாதங் கழுவிய நிகழ்ச்சியையே கூறுகின்றார். புழுதி படிந்த பாதங்களைக் கழுவுதல் அக்காலத்தில் வீட்டு அடிமைகளுக்குரிய வேலை. அதனைக் குருவானவர் இடையில் துணியைக் கட்டிக்கொண்டு சீடர்க்குச் செய்தார். அவரைக் காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசும் அச்சீடருள் ஒருவன். பேதுருவோ முதலில் மறுத்தார். அம்மறுப்புப் பணிவாகத் தோன்றினும், உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னும் வரிசை குலையலாகாது என்ற விருப்பமே அதன் அடியில் இருந்தது எனலாம். அவ்வரிசையைக் குலைப்பதற்காகவே குரு குனிந்தார்.

இவ்விடத்து ஒரு தடை எழுகின்றது. ஏழைக்குச் செய்வது இறைவனுக்குச் செய்வதாகும் என நம்பி ஒருவர் தொண்டாற்றுவாராயின், அவ்வேழை அவர் விண்ணுலகு ஏறுவதற்கு ஒரு படியாக மாத்திரம் ஆகிவிடமாட்டானா? மனிதனை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது. அவனையே நோக்கமாகவுங் கொள்ளல் வேண்டும் என்று இமானுவேல் கான்ற் 1785இல் வெளிவந்த தமது ஒழுக்கவியல் நூலில் வற்புறுத்தினார். அவ்வளவுகோலால் அளப்பின், புண்ணியங் கருதிய தொண்டு குறையுடையதே.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் இத்தடைக்கு விடை தருகின்றது. இறுதித் தீர்ப்பைக் கூறும் அப்பகுதியிற் பசித்தோர்க்கு உணவளித்தோரும், நோயாளரையும் சிறைப்பட்டோரையும் சென்று கண்டோரும் பாராட்டப்படுகின்றனர். அவர்களோ, தாம் எப்பொழுது அரசருக்கு உதவினோம் என வியந்து வினவுகின்றனர். அவ்வியப்பே ஊன்றி நோக்கற்பாலது. கணக்கு வைத்திருந்தோராயின் வியந்திரார். அவர்கள் கண்டது பசித்த மனிதனை, அவனுக்கு வேண்டியிருந்தது உணவு, அதனைக் கொடுத்தனர். எதிரில் நிற்பவனை அவனுக்காகவே காண்பதில் இறைவனும் அடங்கிவிடுகின்றான் என்பதே இதன் கருத்தாகும்.

அவ்வாறு காண்பதற்கு நெடிய பயிற்சி வேண்டும். 17ஆம் நூற்றாண்டிற் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடமொன்றில் வாழ்ந்த சகோதரர் லோரன்ஸ், போரிற் காயமுற்ற முன்னாட் படைவீரர். மடத்துச் சமையலறையிற் பல்லாண்டு வேலை செய்தார். அவ்வேலையில் அவருக்கு இயல்பான விருப்பம் இருக்கவில்லை. எனினும், செபவேளை, சமையல்வேளை என்ற வேறுபாடின்றி இறைவன் முன்னிலையில் வாழப் பழகினார். 1691இல் அவர் இறந்தபின்னரே அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் நூலுருப் பெற்றன. உள்ளக் கிளர்ச்சி அடங்கிய பின்னரும் தொடரும் பணியே தொண்டு என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

வறுமையின் காரணங்களை ஆராயாது கஞ்சி வார்ப்பது அநீதிக்குத் திரையாகிவிடும் என்பது பிறிதொரு தடை. இதனை எளிதில் ஒதுக்கிவிடல் இயலாது. 1933இல், பொருளாதார மந்தத்தின்போது, டொரதி டேயும் பீற்றர் மோறினும் நியூயோர்க்கிற் கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கினர். அதன் விருந்தோம்பல் இல்லங்களில் தொண்டர்கள் ஊதியமின்றிச் சூப் காய்ச்சினர், பாத்திரங் கழுவினர், வீடற்றோருடன் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். அதே இயக்கம் தன் பத்திரிகை வாயிலாகப் போரையும் தொழிலாளர் சுரண்டலையும் கண்டித்தது. கலிபோர்னியப் பண்ணைத் தொழிலாளரின் போராட்டத்தில் இணைந்து, 1973இல், தமது 75ஆவது வயதில் டே சிறை சென்றார். உணவு வரிசையில் நிற்பவனின் முகத்தை நாள்தோறும் காண்பவர், அவனை அங்கு நிறுத்திய அமைப்பைக் கேள்வி கேளாதிருத்தல் அரிது.

எஞ்சியிருப்பது பணிவுக்கே உரிய ஆபத்து. தன்னைத் தானே கண்டு மகிழும் பணிவு செருக்காக மாறிவிடுகின்றது. என்றும் கொடுப்போராகவே இருக்க விரும்புவோர் வரிசையைக் குலைப்பதில்லை. அதன் மேற்படியைத் தமக்கென வைத்துக்கொள்கின்றனர். தொண்டு செய்ய அறிந்தோர் தொண்டு பெறவும் அறிதல் வேண்டும். இறுதியிற் பேதுருவும் தம் பாதத்தை நீட்டினார். பாதத்தை நீட்டுதல், பிறர் பாதத்தைக் கழுவுவதிலும் கடினமானது என்பதை அன்று அவர் அறிந்திருப்பார்.