யாருக்காக அந்தக் காடு?

மனிதனுக்கு எவ்வகையிலும் பயன்படாத ஓர் உயிருக்கு இப்பூவுலகில் வாழ உரிமை உண்டா? மறைக்கல்வி வகுப்பில் கேட்டால், உண்டு என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள். அந்த உரிமைக்கு நாம் விலை கொடுக்க வேண்டும் என்னும்போதுதான் கேள்வி கடினமாகிறது. அண்டை மாநிலமான கேரளம் இக்கேள்வியை ஏறத்தாழப் பத்தாண்டுகள் வாதிட்டது.

பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரி மலைகளின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது சைலண்ட் வேலி எனப்படும் அமைதிப் பள்ளத்தாக்கு. அதன் பழைய பெயர் சைரந்திரி வனம். அதனூடே பாய்வது குந்திப்புழை. பாரதக் கதையின் மருமகள் காட்டிலும் மாமியார் ஆற்றிலுமாகப் பெயர் நிலைத்துவிட்டனர். மலைகளால் அடைபட்டிருந்தமையால் கோடரி அதிகம் புகாத மழைக்காடு அது.

குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டும் திட்டத்துக்கு 1973-இல் திட்டக் குழு ஒப்புதல் தந்தது. அணையின் உயரம் ஏறத்தாழ 130 மீட்டர். முதற்கட்டத்தில் கிடைக்கவிருந்த மின்சாரம் 120 மெகாவாட். மூழ்கவிருந்த நிலம் சுமார் 830 ஹெக்டேர். மலபார்ப் பகுதியில் மின்பற்றாக்குறை உண்மையாகவே இருந்தது. ஆகவே அணையை விரும்பியவர்களை எல்லாம் பேராசைக்காரர் என ஒதுக்குவது நேர்மையன்று. எதிரே நின்றது சோலைமந்தி: முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரியும் சிங்கத்தினது போன்ற குஞ்சவாலும் கொண்ட குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் அது இயற்கையாய் வாழ்வதில்லை. தரையில் இறங்கத் தயங்கும் அதற்குக் கிளையோடு கிளை கோத்த காடு வேண்டும்; காடு பிளந்தால் அதன் பாதையே அறுந்துவிடும். குரங்கு பெரிதா, மனிதன் பெரிதா என்பதே அன்றைய மேடைகளின் கேள்வி.

அக்கேள்வியின் அமைப்பே கோணலானது. குருமடத்தில் நாங்கள் பயின்ற புனித தோமா அக்குவினா, படைப்புகள் ஏன் இத்தனை வகையாய் உள்ளன என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே கேட்டார். இறைவனின் நன்மையை ஒரே படைப்பால் முழுமையாக எடுத்துக்காட்ட இயலாது. ஒன்றில் குறைவதை மற்றொன்று நிறைவு செய்கிறது என்பதே அவர் விடை. அங்ஙனமாயின் சோலைமந்தி நமக்குப் போட்டியாளன் அன்று. நம்மால் எடுத்துக்காட்ட இயலாத ஏதோவொன்றை எடுத்துக்காட்டவே அது இருக்கிறது.

இறுதியில் காடு பிழைத்தது. அதற்காகப் பேசியவர்களுள் பெரும்பாலோர் அதைக் கண்ணாலும் கண்டிராதவர்கள் என்பதே எனக்கு வியப்பு. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தைச் சேர்ந்த ஆசிரியர்கள் ஊர் ஊராய்ச் சென்று விளக்கினர். கவிஞர் சுகதகுமாரி மரத்தைப் போற்றிப் பாடினார். பறவையியல் அறிஞர் சாலிம் அலி குரல் கொடுத்தார். எம்.ஜி.கே. மேனன் குழுவின் ஆய்வுக்குப் பின் 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் 89.52 சதுர கிலோமீட்டர் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி அதைத் தொடங்கி வைத்தார். பின்னாளில் பூங்காவுக்குச் சற்றுக் கீழே, பாத்திரக்கடவில் வேறோர் அணையைக் கட்ட முனைந்தபோது பழைய வழக்கு மீண்டும் எழுந்தது. 2007-இல் சுற்றியுள்ள 148 சதுர கிலோமீட்டர் காடு பூங்காவின் காப்பு வளையமாயிற்று.

ஆனால் மின்சாரம் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லையே. ஒரு காட்டில் எடுக்காத மின்சாரத்தை நாடு வேறெங்கேனும் எடுத்துத்தான் தீரும். அந்த 'வேறெங்கேனும்' என்ற இடத்தில் குடியிருப்பவர்கள் நாம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது; அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களில் எழுந்தது. நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து கழிமுகம் மேடிட்டது. 1991-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையே கழிமுகத்துக்கும் அலையாத்திக் காட்டுக்கும் காவலாய் வந்ததுதான். சட்டம் இல்லாமல் இல்லை. 2017-இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்ச் சாம்பலின் நடுவே நின்று, புறம்போக்கு என்ற சொல்லையே பாட்டாகப் பாடினார். நகரம் கேட்டு மகிழ்ந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அதே கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தது.

பழுதுபடாத படைப்பை நேசிப்பது எளிது. அழகிய பள்ளத்தாக்குக்கு வேலி கட்டிவிட்டு, வேலிக்கு வெளியே உள்ளதை எப்படியும் பயன்படுத்தலாம் என நினைத்தால், பூங்காவே நம் மனச்சான்றுக்குத் தாலாட்டாகிவிடும். எண்ணூரில் குரங்கா மனிதனா என்ற வழக்குக்கும் இடமில்லை. இங்கே இறாலும் நண்டும் மனிதனும் ஒரே தரப்பு. இன்னின்னார் இன்னின்ன நாளில் வலை வீசலாம் என முறை வகுக்கும் 'பாடு' என்னும் வழக்கம் இக்கரையோர மீனவர்க்கு உண்டு. நீரை ஓய விடவும் பங்கிட்டுக்கொள்ளவும் அரசாணை எதற்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. ஆற்றில் இடுப்பளவு நீரில் அமிழ்ந்து, கையால் தடவி இறால் பிடிப்போர் இன்றும் இருக்கின்றனர். சேற்றுக்கும் சாம்பலுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் விரல்கள் அறியும்.