அடித்தல்

கம்பைநல்லூரில் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் எல்லை காணும் கணக்கைப் போட்டுக்கொண்டே என்னைக் கேட்டான்: “இது ஏமாத்து வேலை இல்லீங்களா சார்?”

கணக்கு எளியது. எக்ஸ் வர்க்கத்தில் 4ஐக் கழித்து, எக்ஸ் கழித்தல் 2ஆல் வகுக்கவேண்டும். எக்ஸ் 2ஐ நெருங்கினால் என்ன ஆகும்? நேராக 2ஐப் போட்டால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க நேர்கிறது. ஆகவே காரணிப்படுத்தி, மேலும் கீழும் உள்ள எக்ஸ் கழித்தல் 2ஐ அடித்துவிடுகிறோம். மிஞ்சுவது எக்ஸ் கூட்டல் 2. இப்போது 2ஐப் போட்டால் 4, மார்க் வந்துவிடும். ஆனால் அடிக்கும்போது அது பூஜ்யமில்லை என்று சத்தியம் செய்தோம். அடுத்த வரியில் பூஜ்யமாக்கிவிட்டோம்.

1734ல் பெர்க்லி நியூட்டன் வழியினரைக் கேட்டதும் சாராம்சத்தில் இதுதான். வேண்டும்போது இருக்கிற, வேண்டாதபோது இல்லாமல் போகிற ஒரு சிற்றளவு என்ன வஸ்து என்றார். அவர் நோக்கம் மதத்தைக் காப்பது. நம்பிக்கையைப் பரிகசிக்கிற கணிதக்காரர்கள் தங்கள் வீட்டு மர்மங்களை முதலில் பார்க்கட்டும் என்பது. நோக்கம் அதுவானதால் ஆட்சேபம் பொய்யாகிவிடாது. (நம் இலக்கியச் சண்டைகளில் இதை ஒப்புக்கொள்கிறவர்கள் குறைவு.) விடை சரியாக வருகிறதே என்பதும் பதிலாகாது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டியும் சரியான விடை வரலாம் என்று அவரே காட்டியிருந்தார்.

பதில் வர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1821ல் கோஷி தொடங்கியதை வயர்ஸ்ட்ராஸ் பின்னால் இறுக்கினார். அந்தப் பதிலின் நேர்மை அதன் அடக்கத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நாம் எடுத்துக்கொண்ட சார்புக்கு 2ல் மதிப்பு கிடையாது, கடைசிவரை கிடையாது. 4க்கு எத்தனை அருகில் வேண்டுமென்று நீ கேட்டாலும், 2ஐத் தொடாமல் அதன் சுற்றுப்புறத்திலிருந்தே அதைக் காட்டமுடியும், அவ்வளவுதான். 1.99ல் 3.99, 2.01ல் 4.01. சாட்சி அக்கம்பக்கத்தினுடையது. நாம் 2ஐப் போடுவது எக்ஸ் கூட்டல் 2 என்கிற வேறொரு, ஓட்டையில்லாத சார்பில். இரண்டும் 2ஐத் தவிர மற்றெல்லா இடத்திலும் ஒன்றே. எல்லையோ 2ஐ விசாரிப்பதேயில்லை. ஆகவே சத்தியம் மீறப்படவில்லை.

ஆனால் இதைச் சொல்லாமல் வெறுமனே அடிக்கப் பழக்கினால், ஏமாற்று என்ற சொல் பொருந்தவே செய்கிறது. பழக்கத்தில் ஓட்டை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

கீழே இருப்பது எக்ஸ் கழித்தல் 2ன் வர்க்கமானால் பழக்கம் உதவாது. ஒருமுறை அடித்த பிறகும் கீழே ஒன்று மிஞ்சும். 1.99ல் கழித்தல் 399, 2.01ல் கூட்டல் 401. நெருங்க நெருங்க ஒரு பக்கம் பாதாளத்துக்கும் மறுபக்கம் ஆகாயத்துக்கும் போகிறது. எல்லை இல்லை என்று எழுதுவதே அங்கு விடை.