அடுத்துத் திறப்பவர்

ஒரு சோபாவுக்குள் என்ன இருக்கிறது என்று அதில் உட்காரும் யாரும் யோசிப்பதில்லை. யோசிக்கத் தேவையில்லாதபடி செய்வதுதான் அந்தத் தொழிலே. சட்டம், வார், ஸ்பிரிங், நார், பஞ்சு எல்லாவற்றையும் நல்ல துணி ஒன்றால் மூடி, அடியில் கறுப்புத் துணி அடித்துவிட்டால் வேலை முடிந்தது. அடுத்த பத்து, பதினைந்து வருடத்துக்கு உள்ளே என்ன நடந்தது என்று எவருக்கும் தெரியாது. அப்படியென்றால், யாரும் பார்க்காத இடத்தில் வேலையை ஏன் ஒழுங்காகச் செய்ய வேண்டும்? "யாருக்குத் தெரியப்போகுது?" என்ற கேள்விக்கு நம்மிடம் உண்மையிலேயே பதில் இருக்கிறதா?

கேள்வி பழையது. பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில் கிளாக்கன் அதை ஒரு கதையாகச் சொல்கிறான். ஆடு மேய்க்கும் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதை உள்பக்கம் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அவன் என்ன செய்தான்? அரசியை மயக்கினான், அரசனைக் கொன்றான், நாட்டைப் பிடித்துக்கொண்டான். இப்படி ஒரு மோதிரம் கிடைத்தால் நல்லவனும் கெட்டவனும் ஒரே மாதிரிதானே நடப்பார்கள் என்கிறான் கிளாக்கன்.

மாய மோதிரம் நமக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் மூடித் தைக்கிற வேலை, பூசி மறைக்கிற வேலை செய்யும் ஒவ்வொருவர் விரலிலும் அது இருக்கிறது. சுவருக்குள் வயர் இழுப்பவர், தரைக்கடியில் குழாய் போடுபவர், யாரும் படிக்காத கோடு எழுதும் என் நண்பர்கள், எல்லாரிடமும் இருக்கிறது.

நான் பாரிட் ராஜாவில் இயந்திரப் பொறியியல் படித்தவன். வார நாள்களில் தொழிற்சாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயர் ஈத்தாமில் ஒரு சின்னக் குஷன் கடையில், பழைய முறையில் நாற்காலிக்கு மெத்தை கட்டக் கற்று வருகிறேன். கற்றுத் தருபவர் எழுபதைத் தாண்டிய சீனப் பெரியவர். நான் அவரை அங்கிள் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார், மற்றதெல்லாம் மலாயில். ஆறு மாதமாகிறது. இன்னும் தொடக்க நிலைதான்.

இந்தத் தொழிலில் முதல் பாடம் கட்டுவது அல்ல, பிரிப்பது. பழைய நாற்காலி ஒன்றைக் கொடுத்து, எதையும் கிழிக்காமல் அடுக்கு அடுக்காக எடுக்கச் சொல்வார்கள். முதலில் உறை. அதன்கீழ் பஞ்சு, பிறகு காடாத்துணி, மெல்லிய நிரப்பு, சாக்குத்துணி, தடித்த நிரப்பு, மறுபடியும் சாக்குத்துணி, ஸ்பிரிங், கடைசியில் சணல் வார். கட்டியவர் கடைசியாகச் செய்தது நமக்கு முதலில் வரும். ஓர் ஆள் எப்படி யோசித்தார் என்பதைத் தலைகீழாகப் படிப்பது மாதிரி.

கட்டும்போது வரிசை நேராகும். சணல் வார்களை முன்னும் பின்னும், இடமும் வலமும் பாய் முடைவதுபோல் ஒன்றுக்குள் ஒன்று விட்டு, நெம்புகட்டையால் இழுத்து, சட்டத்தில் பொடி ஆணி அடிக்க வேண்டும். அதன்மேல் ஸ்பிரிங்குகளை நிறுத்தித் தைக்க வேண்டும். பிறகு கயிறு. முன்பின்னாக, பக்கவாட்டில், இரண்டு மூலைவிட்டங்களில் என்று ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் எட்டுத் திசையில் கட்டுவார்கள். ஒன்றை அழுத்தினால் பக்கத்திலிருப்பவையும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். மேலே சாக்குத்துணி. அதில் தளர்வாகப் போட்ட நூல் வளையங்களுக்குள் குதிரை மயிரையோ தேங்காய் நாரையோ கொஞ்சம் கொஞ்சமாகச் செருக வேண்டும். அதைத் துணியால் மூடி, இரண்டு முனையும் கூரான நீண்ட ஊசியால் ஓரங்களில் தைத்து, உள்ளே இருக்கும் நாரை விளிம்புக்கு இழுத்துக் கெட்டியாக்க வேண்டும். ஒரு நாற்காலிக்கு நாள் கணக்கில் ஆகும்.

இதே நாற்காலிக்கு வேறு வழியும் உண்டு. வளைந்த கம்பி ஸ்பிரிங் நாலு, மேலே ஒரு ஃபோம் துண்டு, காற்றில் இயங்கும் ஸ்டேப்பிள் கன். காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே துணியைப் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது.

எங்கள் ஊர் பானைக்குப் பெயர் பெற்றது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வருவதற்கு முன் ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் போகும் பஸ்களெல்லாம் ஆயர் ஈத்தாமில் நிற்கும். இறங்குபவர்கள் பீங்கான் கடைகளில் பூச்சாடியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். விரிசல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். சோபாவில் அந்த வசதி இல்லை. கடையில் ஃபோமை அழுத்திப் பார்த்து, "நல்லா கெட்டியா இருக்கு" என்கிறோம். கை உணர்வது கடினத்தன்மையை. எத்தனை வருடம் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு அடர்த்திக்கு. இரண்டும் வேறு வேறு. அடர்த்தி குறைந்த ஃபோமையும் கெட்டியாகச் செய்யலாம். எடை போட்டாலும் ஏமாறலாம், சுண்ணாம்புப் பொடியைக் கலந்து எடையைக் கூட்ட முடியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோபாவில் மறைக்கலாம்.

இதற்குச் சட்டம் ஒரு பதில். அமெரிக்காவில் மெத்தைகளில் ஒரு சீட்டு தைத்திருக்கும், விற்பவர் அதை நீக்குவது குற்றம். அழுக்குத் துணியையும் பழைய மெத்தைக் கழிவையும் புதுத் துணிக்குள் அடைத்து விற்றதால் வந்த சட்டம் அது. உள்ளே இருப்பதை வெளியே எழுது என்பதே அதன் சாரம். இங்கிலாந்தில் அந்தப் பாடம் உயிர்களைக் கேட்டது. 1979 மே மாதம் மான்செஸ்டர் உல்வர்த்ஸ் கடையில் மரச்சாமான் பிரிவில் தீப்பிடித்தது. பாலியூரித்தேன் ஃபோம் எரிந்த புகையில் மாட்டிக்கொண்டு 10 பேர் இறந்தார்கள். உட்கார்ந்து பார்த்து வாங்கிய எவருக்கும் உள்ளே இருந்தது எப்படி எரியும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1988இல் கடுமையான விதிகள் வந்தன.

சட்டம் அவசியம். ஆனால் அது கிளாக்கனுக்குப் பதில் ஆகாது. மோதிரத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எட்டாவது முடிச்சைப் போட்டேனா என்று பார்க்க எந்த அதிகாரியும் குஷன் கடைக்கு வரப்போவதில்லை.

கடவுள் பார்க்கிறார் என்பது நம் வீடுகளில் சொல்லப்படும் பதில். என் பாட்டிக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் பார்க்கும் கண்ணை இடம் மாற்றி வைக்கும் பதில் அது. கண்ணே இல்லாவிட்டால் என்ன என்றுதானே கேள்வி? என் வயதுக்காரர்களுக்குப் பிடித்தது வேறொன்று: "எனக்குத் தெரியுமே, அது போதும்." நல்ல கைவினைஞன் மறைந்த பக்கத்தையும் அழகாகச் செய்வான் என்று ஊக்கப் பேச்சாளர்கள் மேடைதோறும் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் உட்காரப்போகிறவர் எங்கே? எல்லாம் என்னைப் பற்றியே, என் பெருமை, என் மனசாட்சி என்றே முடிகிறது. நாற்காலி எனக்கு நான் பிடித்துக்கொள்ளும் கண்ணாடியாகிவிடுகிறது.

அதே 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில் பிளேட்டோ வேறொரு விஷயம் சொல்கிறார். ஒரு பொருளைப் பற்றி அதிகம் அறிந்தவர் அதைச் செய்பவரல்ல, பயன்படுத்துபவர். புல்லாங்குழல் செய்பவருக்கு வாசிப்பவர்தான் சொல்ல வேண்டும். நாற்காலிக்கும் இது பொருந்தும். கண்ணுக்குத் தெரியாதது முதுகுக்குத் தெரியும், ஆனால் தாமதமாக. மூன்றாம் வருடம் இருக்கை ஒரு பக்கம் சரியும்போது தெரியும். அதற்குள் காசு கைமாறி எவ்வளவோ காலம் ஆகியிருக்கும்.

அங்கிளிடம் இதைக் கேட்டேன். சட்டத்தின் நடுப்புள்ளியைப் பென்சிலால் குறிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். உறை போட்டால் மறைந்துவிடுமே, வேலையும் முடிந்துவிட்டதே, இனி இது யாருக்கு என்றேன். அவர் தத்துவம் பேசுகிறவர் இல்லை. "நந்தி ஓராங் புக்கா, டியா தாவு" என்றார். நாளைக்கு ஒருத்தன் திறப்பான், அவனுக்குத் தெரியும்.

இந்தப் பதில் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடச் சரியாகப் படுகிறது. இந்தக் கடைக்கு வந்த ஒரு நாற்காலியைப் பிரித்தபோது, வார்கள் அறுந்து தொங்கின. முன்பு பழுது பார்த்தவர் அதைத் தொடாமல், மேலே ஒரு ஃபோம் துண்டை வைத்துப் புதுத் துணி போட்டு அனுப்பியிருந்தார். இன்னொன்றில் நடுக்கோடுகள் எல்லாம் பென்சிலில் இருந்தன, ஆணிகள் மரத்தைப் பிளக்காத இடமாகப் பார்த்து அடிக்கப்பட்டிருந்தன. இரண்டு பேரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் முதல் ஆள் என்னை நினைத்துப் பார்க்கவில்லை, இரண்டாம் ஆள் நினைத்திருக்கிறார் என்று கை வைத்ததுமே தெரிந்தது.

மறைந்திருக்கும் வேலையைப் பார்க்க ஒரு கண் இருக்கிறது, அது பின்னால் வருகிறது. தண்டிக்க வருவதில்லை. அதற்கும் அதே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பழைய முறை அவரை எதிர்பார்த்தே செய்யப்படுகிறது. பொடி ஆணியை முதலில் பாதிதான் அடிப்பார்கள், துணியை இழுத்துச் சரிபார்த்து, தேவையென்றால் பிடுங்கி மாற்றிய பிறகே முழுவதும் இறக்குவார்கள். நாரைப் பிரித்து உதறி மறுபடியும் நிரப்பலாம். ஃபோம் அப்படியில்லை. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் சில வருடங்களில் பொடியாக உதிர்கிறது. திறப்பவருக்குக் கூட்டி அள்ளுவதைத் தவிர வேலை இல்லை.

இங்கே நிறுத்தினால் இது பழமையைப் புகழும் கட்டுரையாகிவிடும். ஆனால் இது யாருடைய பழமை? நம்முடைய மரபு பாயும் கயிற்றுக் கட்டிலும். கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதையில் ஒரு வீட்டுக்கு நாற்காலி வருவதே ஊர் அதிசயம். கடைசியில் பிணத்தைச் சாய்த்து உட்காரவைக்க அதை இரவல் கேட்டு வருகிறார்கள். மலாயாவில் ஸ்பிரிங் வைத்த நாற்காலி துரை பங்களாவில் இருந்தது, லயத்தில் இல்லை. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. யார் உட்காரலாம், யார் இறங்கி நிற்க வேண்டும் என்பதே அன்று அரசியல்.

அந்த நாற்காலியை மலிவாக்கியது ஃபோம். 1929இல் டன்லப் ஆய்வகத்தில் ரப்பர் பாலை கேக் மாவுபோல் நுரைக்க அடித்து ரப்பர் ஃபோமைச் செய்தார்கள். டன்லப்புக்கு மலாயாவில் சொந்தத் தோட்டங்கள் இருந்தன. அந்தப் பாலை வெட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் பாலியூரித்தேனைக் கண்டுபிடிக்க, அதிலிருந்து இன்னும் மலிவான ஃபோம் வந்தது. பால் வற்றிய மரமும் சும்மா போகவில்லை. இருபத்தைந்து, முப்பது வருடம் வெட்டிய ரப்பர் மரத்தை முன்பு விறகாக எரித்தார்கள். பூஞ்சையும் வண்டும் அரிக்காமல் மருந்திட்டுப் பதப்படுத்தும் முறை வந்தபின் அது நாற்காலிச் சட்டமாகியது. இன்று மூவார் தொழிற்சாலைகள் அதைச் செய்து உலகத்துக்கு அனுப்புகின்றன. தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்கள் மலிவு வீட்டில் முதன்முதலாக வாங்கிப் போட்டது ஃபோம் சோபாதான், அதுவும் தவணையில். என் அம்மாவின் சோபாவும் அப்படி வந்ததே. அதைக் கேவலமாகப் பேச எனக்கு மனசு வராது. குதிரை மயிர் நாற்காலிதான் நேர்மையானது என்றால், நேர்மை பணக்காரர்களுக்கு மட்டும் கிடைக்கும் சரக்காகிவிடும்.

ஆகவே நேர்மையைப் பொருளில் தேடக் கூடாது. ஃபோமிலும் நேர்மையாகச் செய்யலாம், குதிரை மயிரிலும் ஏமாற்றலாம். அங்கிள் கடையில் இரண்டும் நடக்கிறது. கையில் முந்நூறு வெள்ளி இருக்கிறவரிடம், "இந்த ஃபோம் அஞ்சு வருஷம் வரும், அதுக்கு மேல கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் செய்கிறார். ஆனால் அடியிலிருக்கும் வாரை இழுத்துக் கட்டாமல் மேலே ஃபோம் வைப்பதில்லை. அடுத்த முறை ஃபோமை மட்டும் மாற்றினால் போதும், சட்டமும் வாரும் அப்படியே நிற்கும். செலவு குறைந்ததிலும் அடுத்துத் திறப்பவருக்கு ஓர் இடம் விட்டுவைக்கிறார்.

மூடுவதற்கு முன் இரண்டு பேரை நினைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன். காசு கொடுப்பவரைக் கூப்பிட்டு உள்ளே இருப்பதைக் காட்டி விளக்க முடியுமா? நாளைக்குத் திறப்பவர் இதிலிருந்து வேலையைத் தொடர முடியுமா? முதல் கேள்வி பொய்யைத் தடுக்கும். இரண்டாவது சோம்பேறித்தனத்தைத் தடுக்கும். நாற்காலிக்கு மட்டுமான கேள்விகள் இல்லை இவை. நான் தொழிற்சாலையில் வரையும் இயந்திரப் பாகத்துக்கும், நண்பன் எழுதும் கோடுக்கும், வீட்டுச் சுவருக்குள் ஓடும் வயருக்கும் பொருந்தும்.

கிளாக்கனின் ஆட்டிடையனுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. கதை அவனோடு முடிந்துவிடுகிறது. நமக்கு அப்படி இல்லை. நாம் உட்கார்ந்திருப்பதெல்லாம் நமக்கு முன்னால் யாரோ கட்டியது, நாம் கட்டுவதை நமக்குப் பின்னால் யாரோ பிரிக்கப்போகிறார்கள். அந்த ஆளுக்கு நம் பெயர் தெரியாது. பென்சில் கோடு தெரியும்.