கல்லாய்ப் போன மரம் யாருடையது?

திண்டிவனத்தின் பழம்பெயர் திந்திரிணிவனம் என்பர். திந்திரிணி என்னும் வடசொல்லுக்குப் புளிய மரம் என்பது பொருள். புளியங்காடாய் இருந்த ஊர் அது. இன்று அங்கே காட்டைத் தேடிச் செல்வார் ஏமாறுவர். ஆயினும், மயிலம் வழியே தெற்கு நோக்கிச் சென்று, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்திலுள்ள திருவக்கரையை அடைவோர், அதனினும் மிகப் பழையதொரு காட்டின் எச்சத்தைக் கண்ணாரக் காணலாம். சங்கராபரணி ஆற்றுக்கு அண்மையில், செம்மண் நிலத்தில், ஏறத்தாழ 200 மரங்கள் வீழ்ந்து கிடக்கின்றன. 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை நீளமுடையவை, அத்தனையும் கல். அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டு என்று நிலவியல் அறிஞர் கணித்துள்ளனர். புளிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவையும் அவற்றுள் உள்ளன என்பது, ஊர்ப்பெயரின் பொருளறிந்தவர்க்குத் தனி இன்பம் தரும் செய்தி.

அம்மரங்களுக்குக் கிளையுமில்லை, வேருமில்லை. ஆதலின் அவை அங்கேயே வளர்ந்தவையல்ல, பெருவெள்ளம் எங்கிருந்தோ புரட்டிக் கொணர்ந்தவை என்பர். மணலில் புதையுண்டு காற்றுப் படாது கிடந்தமையால் அவை மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா என்னும் கற்சத்து நுண்ணறை நுண்ணறையாய் உட்புகுந்து, மரம் இருந்த இடத்தைத் தான் கொண்டது. ஆண்டு வளையமும் மரப்பட்டையின் வரியும் அப்படியே உள்ளன. தொல்காப்பியர் மரத்தை ஓரறிவுயிருள் வைத்தார். அந்த ஓரறிவையும் இழந்த பின்னர், ஆறறிவுடையோர்க்கு இவை ஆசிரியராய் அமைந்ததை என்னென்பது!

1781 ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்கையியலார் சொன்னெரா இவற்றைக் குறித்து எழுதினார். இன்று அது தேசியக் கல்மரப் பூங்கா. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் காவலில் உள்ளது.

மதரஸா மாணவர் சிலருடன் அங்கே ஒரு பகற்பொழுதைக் கழிக்க நேர்ந்தது. அவர்களுள் ஒருவன், கட்டைவிரல் அளவுள்ள சில்லு ஒன்றைத் தரையில் கண்டு என்னிடம் காட்டினான். "ஹஜ்ரத், இதை எடுத்துக்கொண்டால் குற்றமா? நட்டவர் எவருமில்லை, விட்டுச் சென்றவருமில்லை. உடைமையாளர் இல்லாத காட்டில் விறகு பொறுக்குவது முபாஹ், ஆகுமானது என்றுதானே நாங்கள் ஓதினோம்?" என்றான்.

எடுக்கக் கூடாதென்று அறிவிப்புப் பலகை சொல்கிறது. அது சட்டத்தின் விடை. அவன் கேட்டதோ, காவலர் முதுகைத் திருப்பிய பின்னரும் நிற்கக்கூடிய விடையை. ஃபிக்ஹு ஓதுகின்றவன் அப்படித்தான் கேட்க வேண்டும்.

விறகு பொறுக்கி உழைத்துண்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உயர்த்திப் பேசியிருப்பது உண்மை. விறகு மீண்டும் விளையும். நீர் மீண்டும் ஊறும். புல் மீண்டும் தளிர்க்கும். இந்தக் கல் மீளாது. இவ்வளவோடு நிறுத்தினால் மாணவன் விடமாட்டான். வானூர் வட்டத்தில் கல்குவாரிகள் பல உள்ளன. அந்தக் கல்லும் மீள்வதில்லை, அதை உடைத்துத்தானே வீடும் பள்ளிவாசலும் கட்டுகிறோம் என்பான். ஆகவே இன்னும் ஓரடி உள்ளே செல்ல வேண்டும். குவாரிக் கல்லின் பயன் அதைப் பெயர்த்தெடுப்பதில் உள்ளது. கல்மரத்தின் பயனோ அதைக் காண்பதில் உள்ளது. பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்று பார்க்குமாறு திருமறையின் அன்கபூத் அத்தியாயம் ஏவுகின்றது. சென்று பார்ப்பதற்கு அது கிடந்த இடத்தில் கிடக்க வேண்டும். வீட்டு அலமாரிக்கு வந்துவிட்ட சில்லு, வெள்ளத்தையும் மணலையும் பற்றி எதுவும் பேசாது.

அப்படியானால் இது யாருடையது? இங்கே உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பொன்று நினைவுக்கு வருகிறது. இராக்கின் வளமிக்க ஸவாது நிலம் வசமானபோது, அதைப் போர்வீரர்க்குப் பங்கிட்டுத் தருமாறு பிலால் (ரலி) உள்ளிட்ட தோழர் சிலர் வற்புறுத்தினர். கலீஃபா இணங்கவில்லை. இன்றிருப்போர்க்கே எல்லாவற்றையும் பங்கிட்டால் பின்னே வருவோர்க்கு எஞ்சுவது யாது என்று வினவினார்கள். ஹஷ்ர் அத்தியாயம் பின்வந்தோரையும் சேர்த்துக் கூறுவதைச் சான்றாகக் காட்டினார்கள். அபூயூஸுஃப் (ரஹ்) தமது கிதாபுல் கராஜில் இதனை விரிவாக வரைந்துள்ளார்கள். இன்னும் பிறவாதோர்க்கும் உரிமையுண்டு என்று ஓர் ஆட்சி ஒப்புக்கொண்ட இடம் அது. நட்டவர் இல்லாத இந்த மரங்களுக்கு உடைமையாளர் இல்லையென்று எண்ணிவிடலாகாது. உடைமையாளர் பலர், அவர்களுள் பெரும்பாலார் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

ஒரு சில்லுதானே என்றால், கைபரிலிருந்து திரும்பும் வழியில் நிகழ்ந்ததைப் பார்க்க வேண்டும். பங்கிடப்படாத பொதுப் பொருளிலிருந்து ஒருவர் எடுத்த போர்வை அவர்மீது நெருப்பாய் எரிவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டு, வேறொருவர் தாம் எடுத்திருந்த செருப்பு வாரைக் கொண்டுவந்து முன்வைத்தார். அது அற்பமானதென்று விடப்படவில்லை. அந்த வாரும் நெருப்பே என்றார்கள். திருவக்கரைக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு சில்லை எடுத்தால் சில தலைமுறையில் என்ன மிஞ்சும் என்று கணக்கிட்டுப் பார்த்தும் இதை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தோழர் கணக்கிட்டுக்கொண்டு நிற்கவில்லை.

மாணவன் சில்லைக் கிடந்த இடத்திலேயே வைத்தான். பிறகு அடுத்ததைக் கேட்டான்: "முன்னமே எடுத்துப்போய் வீட்டில் வைத்திருப்பவர் என்ன செய்வது?" பொதுப் பொருளை எடுத்தவர், படை கலைந்துபோன பின் வருந்தினால் செய்ய வேண்டியது யாது என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஐந்திலொரு பங்கை ஆட்சித் தலைவரிடம் ஒப்படைத்து எஞ்சியதைத் தர்மம் செய்க என்றனர் பலர். பிறர் பொருளைத் தர்மம் செய்வது எங்ஙனம் என்று மறுத்தார்கள் ஷாஃபிஈ இமாம் (ரஹ்). அங்கே உரியவர்கள் கலைந்து போயினர். இங்கே உரியவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே இதில் வழி எளிது. சில்லைப் பூங்கா அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். எந்த மரத்தின் அருகில் எடுத்தது என்பது நினைவிருந்தால் அதையும் சொல்லிக் கொடுப்பது நன்று.