ஒளி இருந்தும் இணைப்பு இல்லையென்றால்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பிற்குரிய சகோதரர்களே! எதுவும் அறியாதவர்களாகத் தாயின் வயிற்றிலிருந்து வந்த நமக்குச் செவியையும் பார்வையையும் உள்ளத்தையும் தந்தது நாம் நன்றி செலுத்துவதற்காகவே என்று அல்லாஹ் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 78வது வசனத்தில் நினைவூட்டுகிறான். பார்வை என்ற அந்த நிஃமத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் இன்று சிந்திப்போம்.

நம் திருவண்ணாமலை கடைவீதியில் இரவிலும் பகல் போல வெளிச்சம். ஜவ்வாது மலைக்குப் போனால், காவலூரில் வானாய்வகம் அமைக்கும் அளவுக்கு இருட்டு. அங்கே வண்டியை விட்டு இறங்கியதும் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் நின்றால் பாதை தெரியும், மரம் தெரியும், மங்கலான நட்சத்திரமும் தெரியும். இருட்டு குறையவில்லை. நம் கண்தான் மாறியிருக்கிறது.

விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. பகலுக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்கள், சுமார் 60 லட்சம். மங்கலான ஒளிக்குக் குச்சி செல்கள், சுமார் 12 கோடி. ஆனால் செல் ஒளியை உணர்ந்தால் மட்டும் போதாது. அந்தச் செய்தியை அடுத்த நரம்புச் செல்லிடம் ஒப்படைக்க வேண்டும். அது மூளைக்குப் போனால்தான் பார்வை. குச்சி செல்லுக்கென்று தனி ஜோடி, கூம்பு செல்லுக்கென்று தனி ஜோடி. அவ்வளவு நெரிசலுக்குள் ஒவ்வொன்றும் தன் ஜோடியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

2015இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலைய விஞ்ஞானிகள் இதற்கு ஒரு விடை கண்டார்கள். குச்சி செல்லின் நுனியில் ‘எல்ஃபின்1’ என்ற புரதம் இருக்கிறது. அது நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டி, எதிரே உள்ள செல்லின் ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் புரதம் இல்லாத எலிகளைச் சோதித்தார்கள். குச்சி செல்கள் இருந்தன, ஒளியையும் உணர்ந்தன. ஆனால் ஜோடியோடு இணையவில்லை. பகல் பார்வை இருந்தது, மங்கலான ஒளியில் பார்வை இல்லை.

யோசித்துப் பாருங்கள் சகோதரர்களே! ஒளி வந்தது, செல்லும் உணர்ந்தது. பக்கத்துச் செல்லின் கையைப் பிடிக்காததால் எல்லாம் வீண்.

மனிதர்களிலும் பிறவியிலேயே வரும் மாலைக்கண்ணில் ஒரு வகை இப்படித்தான். குச்சி செல்லின் செய்தி அடுத்த செல்லுக்குப் போய்ச் சேராது. வைட்டமின் ஏ குறைவாலும் மாலைக்கண் வரும், அதைச் சிகிச்சையால் சரிசெய்யலாம். குச்சி செல்களே மெல்ல மெல்ல அழிந்துபோகும் நோயும் உண்டு. எது என்று கண் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

இத்பான் இப்னு மாலிக் (ரலி) என்ற அன்சாரித் தோழர் பார்வை குறைந்தவர். தம் கூட்டத்தாருக்குத் தொழுகை நடத்துபவர். மழை பெய்து பள்ளத்தாக்கில் வெள்ளம் ஓடினால் அவரால் பள்ளிவாசலுக்குப் போக முடியாது. ‘தாங்கள் என் வீட்டுக்கு வந்து தொழுதால், அந்த இடத்தையே தொழும் இடமாக்கிக் கொள்வேன்’ என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினார். நபியவர்கள் கடிந்துகொள்ளவில்லை. அபூபக்ர் (ரலி) அவர்களோடு அவர் வீட்டுக்கே வந்து, எந்த இடத்தில் தொழ வேண்டும் என்று கேட்டு, அங்கே தொழுதார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. வர முடியாதவரிடம் வர முடிந்தவர் போனார். இதுதான் இணைப்பு!

நம் ஜமாஅத்தில் என்ன நடக்கிறது? மஃரிபுக்குப் பிறகு பிள்ளை தடுக்கி விழுந்தால், ‘கண்ணு எங்கே இருக்கு?’ என்று திட்டுகிறோம். இஷாவுக்கும் சுபுஹுக்கும் வராத பெரியவரைச் சோம்பேறி என்கிறோம். அவருக்கு வாசற்படி தெரிகிறதா என்று கேட்டோமா? சம்பந்தம் பேசும்போது மாலைக்கண்ணை மறைக்கிறோம். பிறகு அந்தப் பிள்ளை இருட்டில் பைக் ஓட்டி விழுகிறான்.

இன்றைக்கே மூன்று காரியம் செய்யுங்கள். மாலையில் தடுமாறும் பிள்ளையை அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். செலவுக்கு வழியில்லாத வீடு இருந்தால் ஜமாஅத்திடம் சொல்லுங்கள். இருட்டுக்குப் பயந்து வீட்டிலிருக்கும் பெரியவரின் கையைப் பிடித்து இஷாவுக்கு அழைத்து வாருங்கள்.

உள்ளத்தில் ஈமானின் ஒளி இருக்கிறது என்கிறோம். அது பக்கத்து வீட்டுக்காரரைத் தொடவில்லையென்றால், இணைப்பில்லாத அந்தச் செல்லுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

யா அல்லாஹ்! எங்கள் பார்வையைப் பாதுகாப்பாயாக. பார்வை குறைந்தவர்களுக்கு எங்களைத் துணையாக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.