யாருடைய அளவுகோல்?

2021 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அல்சைமர் நோய்க்கு அடுகானுமாப் என்ற மருந்தை அனுமதித்தது. நினைவு மீண்டதற்காக அல்ல; மூளையில் அமிலாய்டு புரதப் படிவு குறைந்ததை ஸ்கேன் காட்டியதற்காக. பலன் நிரூபணமாகிவிட்டதா என்ற முக்கியக் கேள்விக்கு ஆலோசனைக் குழுவில் ஒருவர்கூட ‘ஆம்’ என்று வாக்களித்திருக்கவில்லை. அப்போது விலையோ ஆண்டுக்கு 56,000 டாலராக இருந்தது. நிறுவனமும் நிர்வாகமும் முறைமீறி நெருங்கிச் செயல்பட்டதை 2022இல் நாடாளுமன்றக் குழு வெளிப்படுத்தியது.

அந்நாட்டில் இந்நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பெண்கள். பராமரிப்பவர்களிலும் பெண்களே அதிகம். படிவு குறைந்தபின் அவள் மகளை அடையாளம் கண்டாளா என்பதே அவர்களுடைய அளவுகோல். பணம் போடுபவரே பலன் எது என்பதையும் வரையறுத்தால், அவளிடம் வாங்கும் கையெழுத்துக்கு என்ன பொருள்? தரவுகளும் பணம் வந்த வழியும் அவள் முன் திறந்து வைக்கப்படாதவரை, அதைச் சம்மதம் என்று நான் சொல்ல மாட்டேன்.